ஏழாவது அறையின் காவல்

குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசி வீடு வெளியே இருந்து பார்த்தால் மற்ற வீடுகளைப் போலவே இரண்டு அறைகள்தான். உள்ளே போய் எண்ணினால் ஏழு இருந்தன. கட்டிய மேஸ்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே குடியிருந்த பட்டாளத்துக்காரரின் குடும்பம் எந்தெந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்ததோ அந்தந்த ஊரிலிருந்து ஓர் அறை அவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அப்படி வந்தவற்றில் முதல் நான்கு அறைகளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. கடைசியாக வந்த ஏழாவது அறைதான் பட்டாளத்துக்காரரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டது. அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர அவருடைய மனைவி பட்ட பாட்டைப் பற்றி வரிசையில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள், நடந்தது இதுதான்.

மனைவியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் போன முதல் ஊரில் சமையலறை மிகச் சின்னது. இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் ஜன்னல் ஒரு பஞ்சர் கடையைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்து, ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு மேலெண் எது கீழெண் எது என்று பிடிபட ஆரம்பித்த வாரத்தில் மாற்றல் ஆர்டர் வந்தது. பட்டாளம் யாரையும் கேட்டுக்கொண்டு மாற்றுவதில்லை. டீச்சர் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே அழுதாள். "அழுதா பெட்டி பூட்டாது, கொஞ்சம் நகரு" என்று சொல்லிவிட்டு மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தார் புது மாப்பிள்ளை. அவள் அழுகையோடு சிரித்துத் தொலைத்தாள்.

அடுத்த ஊரில் லாரியிலிருந்து கடைசிப் பெட்டியை இறக்கிய அன்று, அலமாரி என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தால் உள்ளே பழைய சமையலறை இருந்தது. அதே எண்ணெய்க் கறை, கத்தி தீட்டித் தேய்ந்த அதே மேடை விளிம்பு. ஜன்னலுக்கு வெளியே பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்; நிமிர்ந்து பார்த்து வழக்கம்போலக் கையாட்டினார். டீச்சர் கணவரைக் கத்திக் கூப்பிட்டாள். பட்டாளத்துக்காரர் வந்து அறையைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, பெட்டியெல்லாம் எங்க வைக்கறதுன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார். கேட்ட தேதியில் லீவு கிடைப்பதைத் தவிர வேறு எதற்கும் பட்டாளத்தில் இருப்பவர்கள் ஆச்சரியப்படுவதில்லை.

இப்படியே ஊருக்கொன்றாகச் சேர்ந்தது. இரண்டாவது ஊரில் மகள் பிறந்தாள். அப்போது அவர் எங்கோ பயிற்சி முகாமில் இருந்தார். டீச்சர் வலி எடுத்ததும் தானே பையை எடுத்துக்கொண்டு, கேஸை மூடிவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொட்டில் ஆடிய அந்த அறை அப்படியே பின்னால் வந்தது. மூன்றாவது ஊரிலிருந்து வந்த அறைக்கு வெளியே நாள் முழுக்கச் சரக்கு ரயில்கள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. நான்காவதின் ஜன்னலில் ஒரு பள்ளி மைதானம் தெரிந்தது. அவள் பாதிப் புத்தகம் நடத்திவிட்டு வந்த பிள்ளைகள் அதில் வருடா வருடம் உயரமாகிக்கொண்டே போனார்கள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் அந்தந்த ஊர்க் காற்று படும். ஆனால் இறங்கிப் போக முடியாது. இறங்கினால் இந்த வீட்டின் பின்பக்கச் சாக்கடையில்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. மகள் ஒருமுறை முயன்று பார்த்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸ் சாமான்களுக்குப் பொறுப்பானவரைச் சாவிக்காரர் என்பார்கள். ஒரு குடும்பம் காலி செய்யும்போது பல்பு, குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்பது அவர் வேலை. ஆணி அடித்த ஓட்டைகளில் பற்பசையைத் திணித்து வழித்துவிடுவது குடும்பங்களின் வேலை. சுவரை முகர்ந்து பார்த்தே எந்தப் பற்பசை என்று சொல்லிவிடுவது அவருடைய பெருமை. டீச்சர் குடிவந்த மறுவாரம் வந்தவர் நான்கு அறைகள் கூடுதலாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "ஒரு பல்பு குறைஞ்சா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும் டீச்சர். அறை கூடினா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. நீங்க காட்டலை, நான் பார்க்கலை, சரியா?" என்றார். போகும்போது ரயில் ஜன்னலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

இத்தனை அறைகள் இருந்தும் டீச்சருக்கு எதிலும் இருப்புக் கொள்ளாது. ஒரு அறையில் டீயை வைப்பாள், இன்னொன்றில் கண்ணாடியைத் தேடுவாள், மூன்றாவதில் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள். தெருவில் எந்த லாரி நின்றாலும் அவள் கை தானாகப் பெட்டிச் சாவியைத் தேடும். எந்தக் கடையில் ரொட்டி புதிதாக இருக்கும், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறக்கக் கூடாதவள் என்பதெல்லாம் பிடிபடும் சமயத்தில் கிளம்ப வேண்டி வந்தால் யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? எல்லாப் பள்ளிகளிலும் அவள் நடுவில் சேர்ந்து நடுவில் விலகியவள். அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் யார் தேறினார்கள், யார் தவறினார்கள் என்று அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வாழ்க்கையில் கொடுப்பினையும் இருந்தது. ஃப்யூஸ் போட, பம்ப் கழற்ற, ஐந்து ஊர் பாஷையில் காய்கறி பேரம் பேச அவளுக்குத் தெரியும். லாரி வந்து நின்ற ஒரு மணி நேரத்தில் யாரென்றே தெரியாத வீட்டிலிருந்து சாப்பாடு வந்துவிடும். எதையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் அப்படிச் சாப்பாடு கொண்டுவந்தவள்தான் பக்கத்து வீட்டு டிரைவரக்கா. அவள் கணவர் பட்டாளத்தில் கனரக லாரி ஓட்டுபவர். அவள் குரலும் கிட்டத்தட்ட அந்த லாரி போலத்தான். கூடுதல் அறைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு அவள் சொன்னது: "பெருக்கறதுக்குத்தான் கஷ்டம்."

பிறகு பட்டாளத்துக்காரருக்கு மலை எல்லைக்கு மாற்றல் வந்தது. அங்கே குடும்பத்துக்கு அனுமதி இல்லை. டீச்சரும் மகளும் இந்த வீட்டிலேயே இருக்க, அவர் மட்டும் மூன்று வருடத் தவணைக்குப் போனார். அந்த மூன்று வருடத்தில்தான் டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வகுப்பை முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை நடத்தினாள். பரீட்சை முடிவு ஒட்டிய பலகையின் முன்னால், கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெற்றவர்களுக்கு முன்னால் நின்று தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைத் தேடினாள். மூன்று பேர் தவறியிருந்தார்கள். அந்த மூன்று பேருக்காக வருத்தப்படக் கிடைத்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியவர் மலையில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "ம். பாப்பா?" "விளையாடறா." அதற்குள் அவர் பின்னால் வரிசையில் நிற்பவர் இருமுவது கேட்கும். அவ்வளவுதான் பேச்சு. வேண்டாத ஊருக்கெல்லாம் வீட்டில் ஜன்னல் இருந்தது; பஞ்சர் கடைக்காரருக்குத் தலை நரைப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது; அவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு சந்து கூட இல்லை. ஒரு குளிர்காலத்தில் போனும் நின்றுபோனது. வாரங்கள் கடந்தன. அலுவலகத்தில் கேட்டால், "தகவல் இல்லைன்னா நல்ல தகவல்னு எடுத்துக்கோங்க" என்றார்கள். டீச்சர் பள்ளிக்குப் போய்வந்தாள். வந்ததும் குளியலறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சுவரின் முன்னால் நின்று அதைக் கையால் தேய்ப்பாள். அறை வருவதென்றால் அங்கேதான் வர வேண்டும், வேறு இடம் பாக்கியில்லை. "சுவத்தைத் தேய்ச்சா ஜன்னல் வராது டீச்சர், சுண்ணாம்புதான் உதிரும்" என்று சொல்லிவிட்டு டிரைவரக்காவும் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் தேய்த்தாள். கடைசியில் போன் வந்தது. "நல்லா இருக்கேன்" என்றார்.

தவணை முடிந்து அவர் திரும்பி வந்தபோது, சாவிக்காரர் பல்பு எண்ணுவதைப் போல, டீச்சர் அவருடைய விரல்களையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அதே வாரத்தில் காலிச் சுவரில் கதவு வந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு தாழ்வு. உள்ளே தகரம் அடித்த சுவர்கள், ஸ்டவ் புகை படிந்த கூரை, மூன்று கட்டில்கள். கையில் கொண்டுபோன தண்ணீர் சற்று நேரத்தில் மேலே ஆடை கட்டுவதுபோல் உறைந்தது. ஜன்னல் என்று எதுவும் கிடையாது. ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பிளவு, அதன் வழியே வெள்ளையாக ஒரு மலைச்சரிவு. "இங்கதான் இருந்தீங்களா, இங்கதான் இருந்தீங்களா" என்று டீச்சர் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது வராமல் போன கடிதங்களெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. பட்டாளத்துக்காரர் குனிந்து உள்ளே வந்து, பிளவுக்கு எதிரே இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் எழுந்து வரவில்லை.

காலையில் ஒழுங்காக முகம் மழித்துக்கொண்டு வேலைக்குப் போவார். வேலையில் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. திரும்பி வந்து பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நேராக அந்த அறைக்குள் போய்விடுவார். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுவார், கண் பிளவில் இருக்கும். மகள் பள்ளியில் வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் தலையாட்டுவார், கண் பிளவில் இருக்கும். உட்கார்ந்தபடியே கண்ணயர்வார், திடுக்கிட்டு விழிப்பார். பட்டாள டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே கட்டிலில் இன்னும் அமைதியாக விழித்திருந்தார்.

டீச்சர் முதலில் கெஞ்சினாள், பிறகு பேசாமல் இருந்து பார்த்தாள், பிறகு ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்று கத்திவிட்டாள். "மூணு வருஷம் ஊருக்கும் ஊருக்கும் நடுவுல காத்துட்டிருந்தேன். இப்ப ஒரே வீட்டுக்குள்ள உட்கார்ந்து காத்துட்டிருக்கணுமா? உங்க பொண்ணுக்கு உங்க முதுகுதான் தெரியும், முகம் மறந்தே போச்சு!" அவர் திரும்பாமலே, "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். டீச்சர் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்க விஷயம் தெரிந்துபோனது. ஆனால் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இப்படி ஏதோ ஒன்று இருந்தது.

சாவிக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். பட்டாளத்தில் எந்தப் பிரச்சினைக்குரிய அறையையும் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக அர்த்தம். அவருக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை; இத்தனை வருடம் குவார்ட்டர்ஸிலேயே இருந்த டீச்சருக்கும் அந்த நம்பிக்கை வந்திருந்தது. பட்டாளத்துக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, இரும்புப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அரக்கு உருக்கி, அரசாங்க முத்திரையை அழுத்தினார்கள். டீச்சர் நிம்மதியாக மேசையில் தட்டு வைத்தாள். அவர் வரும் நேரம் வந்தது, பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டது, ஆனால் ஆள் வீட்டில் எங்கும் தென்படவில்லை. முத்திரையில் ஒரு கீறல் இல்லை. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது: "யாரும்மா வெளியில பூட்டினது? கொஞ்சம் டீ வேணும்." தான் வைத்த முத்திரையைத் தானே உடைக்க நேர்ந்த சாவிக்காரர் அன்று முழுக்க வேறெந்தக் கதவையும் பூட்டவில்லை.

அதன் பிறகு டீச்சர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு விடுமுறை நாளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தானும் உள்ளே போனாள். போர்வை சதுரமாக மடித்து வைத்திருந்த மூன்றாவது கட்டிலில் உட்காரப் போனவளை, "அதுல உட்காராதே" என்று அவர் தடுத்தார். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் நடுக்கட்டிலுக்கு நகர்ந்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

"ரேடியோக்காரன் கட்டில்" என்றார் அவராகவே. "பனியில கம்பி அறுந்து போச்சு. ஒட்டிட்டு வந்துடறேன்னு போனான். அதோ அந்தப் பாறை வரைக்கும் போறது தெரிஞ்சுது. அப்புறம் சரிவு மொத்தமா இறங்கிடுச்சு. தோண்டிப் பார்த்தோம். கம்பிதான் கிடைச்சுது."

டீச்சர் பாறையைப் பார்த்தாள்.

"அப்ப காவல் என் முறை. அடுத்த முறை அவனோடது. அவன் வந்துதான் என்கிட்டருந்து வாங்கணும். வரலை. அப்புறம் வேற பேட்ச் வந்துச்சு, எங்களைக் கீழ இறங்கச் சொன்னாங்க, இறங்கிட்டேன்." சற்று நிறுத்தி, "ஆனா முறையை என்கிட்டருந்து யாரும் வாங்கலையே" என்றார்.

காவலில் நிற்பவன் மாற்று ஆள் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது குவார்ட்டர்ஸில் விளையாடும் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். டீச்சருக்கு முதலில் கோபம் வந்தது. இவ்வளவுதானா, இதை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று. பிறகு ரேடியோக்காரனின் கட்டிலில் சதுரமாக மடித்திருந்த போர்வையைப் பார்த்தாள். பிறகு உடம்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது, ஏனென்றால் பொறுப்பு ஒப்படைப்பதும் வாங்கிக்கொள்வதும் அவளுக்குக் கைவந்த விஷயம். ஊர் ஊராக வீட்டைக் கொடுத்து வீட்டை வாங்கியவள். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்ன சொல்லி வாங்கணும்?" என்று கேட்டாள்.

அவர் அவளை முதல்முறையாக முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "குடும்பத்துக்கு இங்க அனுமதி கிடையாது."

"இது என் வீட்டு அறை. வேணும்னா சாவிக்காரரைக் கேட்டுப் பாருங்க."

அவர் யோசித்தார். எழுந்து நின்றார். கூரை இடிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்தபடி, எதையெதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்: பாறை, அதற்கு இடப்பக்கத்துப் பள்ளம், கம்பிக்கால், வெயில் சாயும்போது பாறையின் நிழல் ஆள் மாதிரித் தெரியும், ஏமாறக் கூடாது, பிளவில் பனி சேர்ந்தால் உள்ளேயிருந்து குச்சியால் தட்டிவிட வேண்டும், பனி தானாக இறுகும் சத்தம் எது, ஆள் நடக்கும் சத்தம் எது. டீச்சர் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். பள்ளத்தை வலப்பக்கம் என்று சொன்னபோது திருத்தினார். எல்லாம் சரியாக வந்ததும் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

"முறை ஒப்படைச்சேன்."

"முறை வாங்கிக்கிட்டேன்."

அவர் குனிந்து வெளியே போனார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடையில் நின்றது டீச்சருக்குக் கேட்டது. "அப்பா, இங்க வாங்க" என்று மகள் கூப்பிட்டாள். மகளுடைய கட்டிலில், கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பூட்ஸோடு விழுந்தவர் மறுநாள் சாயங்காலம் வரை எழவில்லை.

வாங்கிய பிறகுதான் தான் என்ன வாங்கியிருக்கிறோம் என்பது டீச்சருக்கு உறைத்தது. அவர் தூங்குகிறார், எழுந்து போய்விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு தடவை தோன்றியது. எழுந்து கதவு வரை போனாள். அந்தப் பாறைக்குப் பின்னால் ஒருவன் எழுந்து கையை ஆட்டும் நேரமாகப் பார்த்து இங்கே யாரும் இல்லாமல் போனால் என்கிற நினைப்பு அவளைத் திரும்ப உட்காரவைத்தது. எந்த அறையிலும் ஒரு டீயை முழுசாகக் குடிக்க உட்காராதவள் அங்கே ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாள் காலையில் பள்ளி இருந்தது. அவளுடைய வகுப்புக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. பாதியில் விட்டுவிட்டு வந்த எல்லா வகுப்புகளையும் நினைத்துக்கொண்டாள். இந்த வகுப்பைப் பாதியில் விடவும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை, காவலை விடவும் மனம் ஒப்பவில்லை.

காலையில் டிரைவரக்கா சர்க்கரை கடன் வாங்க வந்தவள், தேடிக்கொண்டே தாழ்ந்த கதவில் தலையை நுழைத்தாள். "என்ன டீச்சர், பள்ளிக்கூடம் போகலையா?" டீச்சர் கண்ணைச் சரிவிலிருந்து எடுக்காமல் விஷயத்தைச் சொன்னாள். டிரைவரக்கா கேட்டு முடித்துவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்தைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்கும் சொல்லுங்க, எதைப் பார்க்கணும்? கோட்டைக் கழட்டுங்க. உங்க அளவு எனக்குப் பத்தாது, இருந்தாலும் பரவாயில்லை."

காவல் அப்படித்தான் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே வந்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. டிரைவரக்காவுக்கு அடுத்து குமாஸ்தாவின் மனைவி, அவளுக்கு அடுத்து பேண்டு வாசிப்பவரின் மனைவி, பிரசவ லீவில் இருந்த நர்ஸ் தன் கைக்குழந்தையோடு. முறை முடிந்தால் அடுத்தவள் வந்து வார்த்தையைச் சொல்லி வாங்காமல் ஒருத்தியும் எழுந்ததில்லை. பூண்டு உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், டீச்சர் விடைத்தாள் திருத்துவாள். கை எதைச் செய்தாலும் கண் சரிவில் இருக்கும். ஒருமுறை பெரிய அதிகாரியின் மனைவி பிளாஸ்கோடு வந்து, எல்லாரையும் போல ஒரு முறை உட்கார்ந்துவிட்டு, விறைத்துப்போன விரல்களோடு எழுந்து போனாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு நல்ல நாற்காலி வந்தது. தங்கள் வீட்டுக்காரர்கள் எங்கெங்கோ காவலில் இருக்க, தாங்கள் வெறுமனே ஜன்னலோரம் நின்ற வருடங்களுக்கு இது எவ்வளவோ தேவலை என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியது. வெளிப்படையாகச் சொன்னவள் டிரைவரக்கா மட்டும்தான்.

பட்டாளத்துக்காரர் முதல் மாதங்களில் நினைத்து நினைத்து வந்து கதவருகே நின்று, "ஏதாவது?" என்று கேட்பார். "எதுவும் இல்லை" என்று உள்ளேயிருந்து பதில் வரும். தலையாட்டிவிட்டுப் போவார். பிறகு கேட்பது குறைந்தது. அவர் பழையபடி ஆகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஏதாவது பாத்திரம் கீழே விழுந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். ஆனால் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார், மகளுடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருப்பதாகச் சண்டை போட்டார், அவள் வகுத்தலில் தவறினால் டீச்சருக்குத் தெரியாமல் விடை சொல்லிக்கொடுத்தார். டீச்சர் அதைத் தெரியாததுபோல் இருந்தாள். வருடங்கள் ஓடின. ஓய்வு பெற்றபோது எந்த ஊரில் வேண்டுமானாலும் போய் இருக்கலாம் என்றார்கள்; அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில், முறைக்கு வருகிறவர்களுக்கு நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வீட்டுக்காரர் விட்டது இரண்டு அறை. மீதி ஐந்தும் லாரிக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தன.

அந்த வீட்டுக்கு ஒரு மதியம் ஒரு பெண் பையோடு வந்தாள். ரேடியோக்காரனின் மனைவி. அவளை யாரும் அழைக்கவில்லை. இந்த அறையைப் பற்றி அவளுக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஆனால் பட்டாளத்து மனைவிகளிடையே ஒரு செய்தி ஊர் ஊராகப் போவதற்கு எந்த ரேடியோவும் தேவைப்படுவதில்லை. பட்டாளத்துக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார். அவள் "எந்த அறை?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது உள்ளே டீச்சரின் முறை. அந்தப் பெண் குனிந்து நுழைந்து பிளவின் முன்னால் நின்றாள். கதவுக்கு வெளியே டிரைவரக்காவும் மகளும் நின்றார்கள். "எந்தப் பாறை?" என்றாள். டீச்சர் காட்டினாள். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருடமாக யாரும் உட்காராத மூன்றாவது கட்டிலில் உட்கார்ந்தாள். கதவருகே வந்து நின்ற பட்டாளத்துக்காரர் அவளைத் தடுக்கவில்லை.

"என்ன சொல்லி வாங்கணும்கா?" என்று கேட்டாள்.

டீச்சர் பாறையிலிருந்து பனிச் சத்தம் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அந்தப் பெண் தவறில்லாமல் திருப்பிச் சொன்னாள், முறையை வாங்கிக்கொண்டாள், கோட்டைப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "அவர் எதுக்குமே நேரத்துக்கு வந்ததில்லைக்கா. எங்க கல்யாணத்துக்கே பஸ்ஸை விட்டுட்டு லேட்டா வந்த ஆளு. நான் பார்த்துக்கறேன், நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

அவர்கள் போய்ச் சாப்பிட்டார்கள். பட்டாளத்துக்காரர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு மணிக்கு டிரைவரக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவளிடமிருந்து முறையை வாங்கினாள். அன்றிலிருந்து மதிய முறை ரேடியோக்காரனின் மனைவியுடையது.